பிரிந்த றொக் குழு மீண்டும் சேரும்போது வீட்டோடு காத்திருக்கும் முறை

2009இல் பிரிந்த பிரித்தானிய றொக் குழுவான ஓயேசிஸ் மீண்டும் மேடையேறப் போகிறது என்ற செய்தி 2024 ஓகஸ்ட் 27ஆம் திகதி வெளியானபோது, மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அது மூன்று முறை வந்து சேர்ந்தது. மாமா ஒரு செய்தித்தளத்தின் இணைப்பை அனுப்பினார். அவருடைய மகள், அதாவது உயர்தரம் படிக்கும் என் மச்சாள், அரை நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பினாள். இருவரும் அனுப்பியதைப் பார்க்காமல் நானும் ஒரு படத்தை அனுப்பினேன். மாமாவுக்கு அப்போது வயது 54, எனக்கு 36, மச்சாளுக்கு 17. முதல் நிகழ்ச்சி நடந்த 2025 ஜூலை 4 வரையிலான பத்து மாதங்களுக்கு மேற்பட்ட காலத்தில் நாங்கள் சரியாகச் செய்தவற்றையும் பிழைவிட்டவற்றையும் கொண்டே இந்த வழிகாட்டலை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் காத்திருப்பது வேறொரு குழுவுக்காக இருக்கலாம். ஆனால் மூன்று வெவ்வேறு வயதினர் ஒரே குழுவுக்காகக் காத்திருக்கும்போது எழும் சிக்கல்கள் பெரிதும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலில், "மீண்டும் சேர்கிறார்கள்" என்ற செய்தியின் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் எல்லா மீள்சேர்க்கையும் ஒன்றல்ல. லெட் செப்பலின் குழு 2007 டிசம்பர் 10ஆம் திகதி லண்டனில் ஓர் இரவு மாத்திரமே வாசித்தது. அந்த ஓர் இரவுக்காக ஏறத்தாழ 2 கோடிப் பேர் நுழைவுச்சீட்டுக் கேட்டிருந்தார்கள். 1980இல் இறந்த அவர்களின் டிரம்ஸ் கலைஞர் ஜோன் பொனமின் இடத்தில் அவருடைய மகன் ஜேசன் அமர்ந்தார். பிங்க் ஃபுளொயிட்டின் பழைய நால்வரும் 2005 ஜூலை 2ஆம் திகதி லண்டன் ஹைட் பார்க்கில் சில பாடல்களை மாத்திரம் வாசித்துவிட்டுப் பிரிந்தார்கள். மாறாக, த பொலிஸ் குழு 2007 மே மாதம் தொடங்கி 2008 ஓகஸ்ட் வரை ஊர் ஊராகச் சுற்றியது. றஷ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் 2020இல் மறைந்துவிட்டபடியால், 2026ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட அவர்களின் பயணத்தில் அவருடைய இடத்துக்கு ஜேர்மனியின் அனிக்கா நீலெஸ் அழைக்கப்பட்டார். ஆகவே மேடையில் யார் நிற்கப் போகிறார்கள், எத்தனை இரவுகள், எந்தெந்த நாடுகள் ஆகிய மூன்றையும் குழுவின் அதிகாரபூர்வ அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொண்ட பின்னரே வீட்டில் பேச்சைத் தொடங்குவது நல்லது. எங்கள் வீட்டில் மாமா 1994ஆம் ஆண்டின் ஐவரையும் எதிர்பார்த்து இரண்டு கிழமை கனவில் இருந்தார். பழைய டிரம்ஸ் கலைஞர் வரமாட்டார் என்று தெரிந்ததும் அதே அளவு காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, என் எண்ணத்தில் இந்தக் காத்திருப்பின் மையமான வேலை. ஒரே பெயரைச் சொல்லும் நீங்கள் மூவரும் உண்மையில் ஒரே குழுவுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, ஒருவருடைய குழுவை மற்றவருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். மாமாவின் ஓயேசிஸ், கட்டாரில் வேலை செய்த காலத்தில் தங்குமிடத்து நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்த கசற்றில் இருக்கிறது. என்னுடையது, 2009 ஓகஸ்ட் 28ஆம் திகதி பாரிஸ் நகரில் குழுவின் சகோதரர்களான லியமும் நோயல் கலகரும் சண்டையிட்டு நோயல் விலகிய செய்தியோடு அறிமுகமான, அதாவது நான் கேட்கத் தொடங்கும்போதே முடிந்துவிட்ட குழு. மச்சாளுடையது முகமற்ற சில வரிகள்; ஒரு பாடலின் நடுப்பகுதியை அவள் நூறு முறை கேட்டிருப்பாள், அதன் தொடக்கம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

எனவே பழைய ஊடகத்தை வெளியே எடுங்கள். நாங்கள் மாமாவின் கசற்றை எடுத்தபோது அதன் நாடா ஓரிடத்தில் தளர்ந்திருந்தது. பென்சிலைக் கசற்றின் பற்சக்கரத்துக்குள் விட்டுச் சுற்றி இறுக்கும் வித்தையை மச்சாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கசற் 60 நிமிடத்துக்குரியது, பக்கத்துக்கு 30 நிமிடம். குழுவின் முதல் தொகுப்போ 50 நிமிடத்தைத் தாண்டியது. ஆகவே முதலாம் பக்கம் முடியும் இடத்தில் ஒரு பாடல் வரியின் நடுவே அறுந்து, மறுபக்கத்தில் அடுத்த பாடல் தொடங்கியது. பதிந்து கொடுத்த நண்பர் அறுந்த பாடலை மீண்டும் பதியச் சோம்பல்பட்டிருக்க வேண்டும். இதில் விந்தை என்னவென்றால், அந்தப் பாடலை இன்றைக்கும் மாமா பாடும்போது சரியாக அந்தச் சொல்லில் நிறுத்திவிடுவார். முழுப் பாடலையும் பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறார் என்றாலும் வாய் கசற்றைத்தான் நம்புகிறது. "மனே, எனக்கு அந்தப் பாட்டு அங்கதான் முடியிற" என்று அவர் சொன்னபோது மச்சாள் சிரித்தாள். பிறகு, தனக்கும் பாட்டுகள் அரை நிமிடத்தில்தான் முடிகின்றன என்று அவளே ஒத்துக்கொண்டாள்.

இதைச் செய்யும்போது ஒரு கட்டுப்பாடு தேவை. மூத்தவர் ஒவ்வொரு பாடலுக்கும் முன்னுரை வழங்கக்கூடாது. இளையவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைத்தொலைபேசியில் விபரம் தேடக்கூடாது. பாட்டு முடிந்த பின் பேசலாம். கிழமைக்கு ஒரு தொகுப்பு என்ற அளவு போதுமானது, அதற்கு மேற்பட்டால் அது வகுப்பாகிவிடும்.

மட்டக்களப்பாருக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. கூத்து ஒன்றைப் பழக்கும் அண்ணாவியார் சட்டம் கொடுத்து (அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டுகளை எழுதிக் கொடுத்து), மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழக்கி, சதங்கை அணிவித்து, அரங்கேற்றத்துக்கு முன் அடுக்கு எனப்படும் ஒத்திகை பார்க்கிறார். அதற்குள் ஆடும் இடமான களரியைச் சுற்றி அமரும் கிழவருக்கும் சிறுவருக்கும் பாதிப் பாட்டு மனப்பாடமாகிவிடும். நாங்களும் ஓர் அடுக்குப் பார்த்தோம். நிகழ்ச்சியில் வரக்கூடிய பாடல்களை நாங்களே ஊகித்து வரிசைப்படுத்தி, இரண்டு மணி நேரம் உட்காராமல் நின்றபடி கேட்டோம். மாமா ஐம்பதாவது நிமிடத்தில் கதிரையைத் தேடினார். மைதானத்தில் நிற்கும் பகுதிக்குச் சீட்டு எடுப்பதா, இருக்கைக்கு எடுப்பதா என்ற விவாதம் அத்துடன் முடிந்தது. முழங்காலின் நிலைமையை வீட்டிலேயே அறிந்துகொள்வதற்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இனி நுழைவுச்சீட்டு. இங்கு உணர்ச்சிக்கு இடமில்லை. விற்பனை தொடங்கும் நேரம் நிகழ்ச்சி நடைபெறும் நாட்டின் நேரப்படியே அறிவிக்கப்படும் என்பதால் அதை எங்கள் நேரத்துக்கு மாற்றிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கோடைகாலத்தில் இலங்கை நேரம் பிரித்தானியாவைவிட நாலரை மணித்தியாலம் முந்தியது, குளிர்காலத்தில் ஐந்தரை. ஜப்பானும் கொரியாவும் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் முந்தியவை. 2024 ஓகஸ்ட் 31 சனிக்கிழமை பிரித்தானியாவில் காலை 9 மணிக்குத் தொடங்கிய பொதுவிற்பனை இங்கே பிற்பகல் 1.30க்குத் தொடங்கியது. லண்டனில் உள்ள சின்னம்மாவின் மகன் அங்கிருந்து வரிசையில் நின்றான், நாங்கள் இங்கிருந்து நின்றோம்.

விலை பற்றி முன்கூட்டியே ஓர் உச்சவரம்பை முடிவுசெய்து, அதை ஒருவரிடம் மாத்திரம் ஒப்படையுங்கள். அந்த விற்பனையில் நிற்கும் இடத்துக்கு இரண்டு விலைகள் வைக்கப்பட்டு, மலிவானவை முதலில் விற்றுத் தீர்ந்துவிட்டதால், சுமார் 148 பவுணாக இருந்த நிற்கும் இடத்துச் சீட்டு, மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்றவர்களுக்கு 355 பவுணாகக் காட்டப்பட்டது. அன்றைய நாணய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 58,000 ரூபாவிலிருந்து 140,000 ரூபாவுக்குத் தாவியதற்குச் சமம். பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் இதை விசாரிக்கும் அளவுக்கு விடயம் பெரிதானது. திரையில் சில நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு பேர் கூடி முடிவெடுக்க முடியாது. எங்கள் வரம்பு 75,000 ரூபா. லண்டன் தம்பிக்குப் பெரிய விலை காட்டப்பட்டபோது, தயங்காமல் விட்டுவிடச் சொன்னவர் மாமாதான். அவர் அன்றிரவு சாப்பிடவில்லை என்பது வேறு கதை.

என் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். எனது கடனட்டைக்கு வரும் ஒருமுறைக் குறியீடு, நான் எப்போதோ கைவிட்ட பழைய தொலைபேசி இலக்கத்துக்கே சென்றுகொண்டிருந்தது. வங்கியில் இலக்கத்தை மாற்றக் கொடுத்த படிவம் எங்கோ தூங்கிக்கொண்டிருந்ததை விற்பனை நாளன்றுதான் அறிந்தேன். ஆகவே ஒரு கிழமைக்கு முன்னரே வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றில் சிறு தொகைக்கு எதையாவது வாங்கிப் பாருங்கள். அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா, அதன் வரம்பு போதுமா என்றும் கேளுங்கள். விற்பனை நாள் எங்கள் மாரிகாலத்தில் வந்தால் மின்சாரத்தை நம்பாதீர்கள். கைத்தொலைபேசிகளை முழுமையாக மின்னேற்றி, இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பை வைத்திருங்கள்.

உறவினர் வெளிநாட்டில் இருக்கிறார்களே என்று எல்லாரும் ஒரே ஆளைக் கேட்கவேண்டாம். அந்த விற்பனையில் ஒரு வீட்டுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு சீட்டுகளே அனுமதிக்கப்பட்டன, அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முகநூலில் "கையில் இருக்கிறது" என்று எழுதும் அந்நியரிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். குழு தானே பெயர் குறிப்பிட்ட மறுவிற்பனைத் தளங்களில் மாத்திரம் தேடுங்கள். நிகழ்ச்சி நெருங்கும்போது வரமுடியாதவர்களின் சீட்டுகள் அங்கே அசல் விலைக்கு வருவதுண்டு.

நாட்டைத் தெரிவுசெய்வதில் கடவுச்சீட்டுத்தான் கடைசிச் சொல்லைச் சொல்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பிரித்தானியா, ஜப்பான், கொரியா, அவுஸ்திரேலியா எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே வீசா வேண்டும். பிரித்தானிய வருகை வீசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்க முடியும், அதற்கு மேல் முந்த முடியாது. சிங்கப்பூருக்கு வீசா தேவையில்லை. இந்தியாவுக்கு இணையவழி வீசா போதும். ஆகையால் பயணப் பட்டியலில் சிங்கப்பூரோ மும்பையோ இருந்தால், லண்டன் கனவை மடித்து வைத்துவிட்டு அங்கே பாருங்கள். கன்ஸ் அண்ட் றோசஸ் குழு 2025 மே மாதம் மும்பையில் வாசித்தது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நாங்கள் போய்ச்சேரவே ஓர் இரவு பஸ்ஸில் கழிகிறது, அதற்கு மேல் தூரத்தைக் கூட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பரீட்சை நாட்காட்டியையும் பக்கத்தில் வையுங்கள். ஓயேசிஸ் கொரியாவில் 2025 ஒக்டோபர் 21ஆம் திகதியும் டோக்கியோவில் 25, 26ஆம் திகதிகளிலும் வாசித்தது; மச்சாளின் உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. மாமி ஒரு வார்த்தையும் பேசாமல் நாட்காட்டியை மேசையில் வைத்தார்.

போவது உறுதியானால், காதடைப்பான் வாங்குவதை மறக்காதீர்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணித்தியாலம் தாங்கக்கூடிய காது, 100 டெசிபலை ஒரு நாளில் கால் மணித்தியாலமே பாதுகாப்பாகத் தாங்கும் என்பது தொழில்சார் சுகாதாரக் கணக்கு. றொக் நிகழ்ச்சிகள் இந்த அளவை எளிதாகத் தொடும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்றுவிட்டு மறுநாள் காதில் ரீங்காரம் கேட்டவர்களுக்கு இது விளங்கும். இளையவர்கள் இதை மறுப்பார்கள். அவர்களுக்கே முதலில் கொடுங்கள். மேலும், பல மைதானங்களில் நிற்கும் பகுதிக்கு 14 வயதுக்குட்பட்டோரை விடுவதில்லை என்பதால் சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் சீட்டு எடுக்கும் முன்னரே விதிகளைப் படிக்க வேண்டும்.

ஆனால் மட்டக்களப்பிலிருந்து காத்திருக்கும் பெரும்பாலானோர் போகமாட்டார்கள். நாங்களும் போகவில்லை. அவர்களுக்கான காத்திருப்பும் ஒழுங்குசெய்யப்பட வேண்டியதே. முதல் இரவுக்கு முன் ஒரு விடயத்தில் உடன்பாட்டுக்கு வாருங்கள்: பாடல் பட்டியலை முன்கூட்டியே பார்ப்பதா, இல்லையா. இக்காலத்தில் குழுக்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலையே ஒவ்வோர் இரவும் வாசிப்பதால், முதல் நிகழ்ச்சி முடிந்த கையோடு எல்லாம் வெளியாகிவிடும். பின்னர் போகவிருப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முன்னால் வாய்திறக்கக்கூடாது. லண்டன் தம்பிக்கு மறுவிற்பனையில் வெம்ப்ளி மைதானச் சீட்டு ஒன்று கிடைத்திருந்ததால், அவனை வட்ஸ்அப் குழுவிலிருந்து மூன்று கிழமைக்கு வெளியேற்றினோம். அவனே கேட்டுக்கொண்டது அது.

கார்டிஃப் நகரில் முதல் நிகழ்ச்சி தொடங்கியபோது எங்களுக்கு நள்ளிரவு தாண்டி ஜூலை 5 ஆகியிருந்தது. விறாந்தையில் பாயை விரித்து, மாமி ஊற்றித் தந்த பிளேன்ரீயுடன் மூவரும் ஒரு மடிக்கணினியைச் சுற்றி அமர்ந்தோம். நேரடி ஒளிபரப்பு இருக்கவில்லை. மைதானத்தில் நின்றவர்கள் ஏற்றிய நடுங்கும் காணொளிகளை மச்சாள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடியெடுத்தாள். ஏறத்தாழப் பதினாறு வருடம் ஒன்றாக மேடையேறாதிருந்த அண்ணனும் தம்பியும் கைகோத்தபடி மேடைக்கு வந்த காட்சியை மாமா நான்கு முறை போடச் சொன்னார். விடியப்புறம், கசற்றில் அறுந்த அந்தப் பாடலும் வந்தது. மாமா கூடவே பாடி, வழக்கமான சொல்லில் நின்றார். மச்சாள் நிற்காமல் தொடர்ந்து பாடினாள். மீதி வரிகளை எப்போது பாடமாக்கினாள் என்று எங்களுக்குத் தெரியாது.