ஐரோப்பாவின் பழைய அரச விருதுப் பதக்கங்களைச் சேகரிக்கும் முறை

முதலில் ஒரே நாட்டின் ஒரே விருதைத் தேர்ந்தெடுத்து, அதன் வடிவ மாற்றங்களைக் கால வரிசையில் பயில வேண்டும். 1802-இல் நெப்போலியன் நிறுவிய பிரான்சின் லெஜியன் டி ஆனர் விருது இதற்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. அதன் நடுவட்டத்தில் 1870 என்று பொறிக்கப்பட்டிருந்தால், அது பிரான்சில் மூன்றாம் குடியரசு என்னும் ஆட்சி பிறந்த ஆண்டே தவிர, பதக்கம் செய்யப்பட்ட ஆண்டன்று. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 1813-இல் பிரஷ்யா என்னும் பழைய ஜெர்மானிய அரசில் தோன்றிய இரும்புச் சிலுவை என்னும் போர் விருதின் தொடக்ககாலப் பதக்கங்களில், வார்ப்பிரும்பு நடுப்பகுதியைச் சுற்றி வெள்ளிச் சட்டம் அமைந்திருக்கும் என்பதால், காந்தம் சட்டத்தில் ஒட்டினால் ஐயப்பட வேண்டும். எனாமல் பூச்சைச் சாய்ந்த ஒளியில் உருப்பெருக்கியால் ஆராய்ந்தால், விரிசல்களும் பின்னாளில் நிரப்பிய இடங்களும் தெரியவரும். காலத்தால் கருத்த வெள்ளியை ஒருபோதும் மெருகேற்றக் கூடாது. விருது ஆணைப் பத்திரமும் மூலப் பெட்டியும் உடனிருந்தால், சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.