தாய் முயல் பால் கொடுக்கவில்லையா? முதலில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள்

முயல் குட்டி போட்ட மறுநாள் காலையில் வளர்ப்பவர் வீட்டில் கேட்கும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "தாய் பக்கத்துலயே போகல, குட்டிங்க பட்டினி கிடக்குது." அந்தப் பதற்றத்தில் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி ஆளுக்கு நாலு சொட்டு புகட்டுவோம். சாயங்காலத்துக்குள் ஒன்றிரண்டு குட்டி போய்விடும். எங்கள் முயலின் தலையீத்தில், அதாவது அது முதல் தடவை குட்டி போட்டபோது, நானும் இதையேதான் செய்தேன். ஏழு குட்டிகளில் மூன்றுதான் மிஞ்சின. நான் பால் புகட்டும் முன்பே எல்லாக் குட்டிகளின் வயிறும் உருண்டையாகத்தான் இருந்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. தாய் ராத்திரியே பால் கொடுத்துவிட்டது. அதை நான்தான் பார்க்கவில்லை.

நாயும் பூனையும் நாள் முழுக்கக் குட்டிகளோடு படுத்துக் கிடக்கும். முயல் அப்படிக் கிடக்காது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் கூட்டுக்குள் (குட்டிகள் கிடக்கும் பெட்டிக்குள்) போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடும். அதுவும் பெரும்பாலும் இரவில் அல்லது விடியற்காலையில். குட்டிகள் இருக்கும் இடத்தை வேட்டை விலங்குகளுக்குக் காட்டிக் கொடுக்காமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆகவே தாய் பெட்டியின் பக்கமே போகவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது போகிறதா என்று பகலெல்லாம் கூண்டின் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதும் வேண்டாம். நாம் உட்கார்ந்திருப்பதாலேயே அது போகாமல் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது வயிற்றை. காலையில் ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு பந்து மாதிரி உப்பி, தோல் விறைப்பாக இருக்கும். முடி முளைக்காத முதல் சில நாட்களில் மெல்லிய தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பாலே தெரியும். குடிக்காத குட்டிக்கு வயிறு ஒட்டி, தோல் தொளதொளவென்று சுருங்கியிருக்கும். கூட்டைத் தொட்டவுடன் எல்லாக் குட்டியும் துள்ளத்தான் செய்யும், அதைப் பசி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிறு நிறைந்தது கொஞ்ச நேரத்தில் அடங்கிப் படுத்துவிடும். பசியில் இருப்பது தலையைத் தூக்கித் தேடிக்கொண்டே அலையும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். நடுத்தர இனத்துக் குட்டி 40 முதல் 60 கிராம் எடையில் பிறக்கும், ஒரு வாரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எடை ஏறிக்கொண்டிருந்தால் வேறு எதையும் நோண்ட வேண்டாம்.

தலையீத்து முயலுக்குப் பால் இறங்க ஒரு நாள் தாமதமாகலாம். சூடாக இருக்கும் குட்டி அந்த ஒரு நாளைத் தாங்கிவிடும். இரண்டாம் நாள் காலையிலும் வயிறு ஒட்டியே இருந்தால்தான் நாம் தலையிட வேண்டும்.

"கை பட்டால் தாய் சேர்க்காது" என்று சொல்லுவார்கள். வீட்டு முயலுக்கு உங்கள் வாசனை பழகியதுதான். கையைக் கழுவிவிட்டு, தாய் பிய்த்துக் கூட்டில் போட்டிருக்கும் முடியைக் கொஞ்சம் கையில் தேய்த்துக்கொண்டால் போதும். இந்தப் பயத்தால் கூட்டையே பார்க்காமல் விட்டு, செத்த குட்டி ஒன்று உள்ளேயே கிடந்து நாறுவதுதான் நிஜமான ஆபத்து. அதற்காக ஒரேயடியாகச் சுத்தம் செய்யவும் வேண்டாம். பால் கொடுக்க வரும் தாய் சில புழுக்கைகளைக் கூட்டில் விட்டுப்போகும். குட்டிகள் அவற்றைக் கொறிக்கும். குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிகள் அப்படித்தான் சேர்கின்றன.

பாலுக்கு முன்னால் சூடு

அதிகக் குட்டிகள் சாவதற்குக் காரணமான தவறு எது என்று என்னைக் கேட்டால், சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டுவதைத்தான் சொல்லுவேன். முடியில்லாத குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது, உள்ளே போன பால் செரிக்காமல் நின்றுவிடும். காம்பைக் கவ்வியபடியே தாயோடு வெளியே இழுபட்டு வந்து கூண்டுத் தரையில் விழுந்த குட்டியை, தாய் வாயில் கவ்வித் திரும்பக் கொண்டுபோய் வைக்காது. பூனை செய்யும், முயல் செய்யாது. நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

அப்படி விழுந்து விறைத்துப்போன குட்டியைச் செத்ததென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை கல் மாதிரி சில்லிட்டிருந்த ஒன்றைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். இருபது நிமிடம் அசைவே இல்லை. அப்புறம் வாய் ஒரு தடவை திறந்து மூடியது, பின்னங்கால் உதறியது. ஒரு மணி நேரத்தில் கையில் நெளிய ஆரம்பித்துவிட்டது. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலும் இதற்கு உதவும். உடம்பு நன்றாகச் சூடாகி, நெளிய ஆரம்பித்த பிறகே பால்.

சூடு கூடினாலும் ஆபத்துதான். கூட்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு கொடுங்கள், குட்டிகள் வேண்டிய அளவுக்கு நகர்ந்துகொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். தோல் சிவந்து, தனித்தனியாகப் பரவிக் கிடந்தால் வெக்கை. தாய் முடி பிய்த்துப் போடவில்லை என்றால், அதன் வயிற்று முடியை நீங்களே மெதுவாக எடுத்துப் போடலாம். குட்டி போட்ட சமயத்தில் அது தானாகவே தளர்ந்திருக்கும். காம்புகளும் வெளியே தெரியும்.

தாயை விட்டுவிட்டுப் புட்டிக்குத் தாவுவது

சரி, வயிறு ஒட்டித்தான் இருக்கிறது. அப்போதும் முதலில் கவனிக்க வேண்டியது தாயை. தண்ணீர் தாராளமாக இருக்கிறதா? பால் கொடுக்கும் முயல் குடிக்கும் தண்ணீர் நம் கணக்கையெல்லாம் மீறும். நாய், சத்தம், புது இடம் என்று எதையாவது கண்டு மிரண்டிருக்கிறதா? மடியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பகுதி சூடாக, கெட்டியாக, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது மடிநோய். அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்தக் குட்டிகளை வேறு தாயிடம் விட்டால் அதற்கும் தொற்றும். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின் போன்றவை வாய்வழியே போனால் முயலின் குடல் கிருமிகளைக் குலைத்து உயிரையே எடுத்துவிடும்.

மடி நன்றாக இருந்தும் தாய் உள்ளே போக மறுத்தால், நாமே கூட்டிப்போய் விடலாம். காலையும் மாலையும் தாயைத் தூக்கிக் குட்டிகளின் மேல் நிற்கும்படி பெட்டிக்குள் விட்டு, தலையையும் முதுகையும் தடவிக்கொண்டே ஐந்து பத்து நிமிடம் வைத்திருங்கள். காம்பைக் குட்டியின் வாயில் திணிக்க வேண்டியதில்லை. தாயின் பாலிலிருந்து வரும் ஒரு வாசனையே அவற்றைக் காம்புக்கு இழுத்துப் போகும். 2003இல் ஆய்வாளர்கள் அந்த வாசனைப் பொருளைத் தனியே அடையாளம் கண்டார்கள். சில நாள் இப்படிச் செய்தால் பல முயல்கள் தாமாகவே போக ஆரம்பித்துவிடும். தாயை மல்லாக்கப் படுக்கவைத்துக் குடிக்க விடுவோரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மிரண்டு உதைத்தால் முயலின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

குட்டிகள் காம்புகளைவிட அதிகமாக இருந்தால் (காம்புகள் எட்டு முதல் பத்து வரை இருக்கும்) இரண்டு பிரிவாக்கி ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் விடலாம். அதே சமயத்தில் ஈன்ற வேறு முயல் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசத்துக்குள் இருந்தால் முயல் அடுத்தவள் குட்டியைப் பெரும்பாலும் மறுக்காமல் ஏற்கும்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றால்தான் சிரிஞ்ச். பசும்பால் ஏன் ஆகாது என்றால், அதில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம், சர்க்கரை 5 சதவீதம். முயல் பாலில் கொழுப்பு 12 சதவீதத்துக்கும் மேல், சர்க்கரை 2 சதவீதத்துக்கும் கீழ். வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்? பூனைக்குட்டிகளுக்கான பால் பவுடர் ஓரளவுக்குப் பக்கத்தில் வரும். பிறந்த குட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 மில்லி, ஒரு வாரத்தில் 6 முதல் 7, இரண்டு வாரத்தில் 12 முதல் 13 மில்லி. ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான், அழுகிறதே என்று மணிக்கொரு தரம் ஊட்டக் கூடாது. குழந்தையைப் போல் மல்லாக்கப் பிடிக்கவும் கூடாது. வயிறு கீழே, தலை கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். உதட்டோரம் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே நக்கும். அழுத்தினால் புரையேறிப் பால் நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கில் பால் குமிழ் தெரிந்த உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். ஊட்டிய பிறகு வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை லேசாக ஒற்றி ஒற்றி எடுத்தால் சிறுநீர் போகும். கண் திறக்கும்வரை இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

கண் 10 முதல் 12 நாளில் திறக்கும். 12 நாள் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெதுவெதுப்பாக ஆறவைத்த உப்புநீரில் பஞ்சை நனைத்து ஒற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிடித்து இழுத்துப் பிரிக்க வேண்டாம். அப்புறம், ஆண் முயலை இன்னும் அதே கூண்டில் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினையாகிவிடும்.