ஹோஸ்டா செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடற்கரையோரம், இலையழகுக்காக நிழலில் வளர்க்கும் ஹோஸ்டா செடியை வைத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருத்தி. இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். டர்பனில் அது கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு செடி சிறுத்துக்கொண்டே போகும். டர்பனிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் இருக்கும் ஹில்டன், ஹோவிக் ஊர்கள் பக்கம் உறைபனி விழும் தோட்டங்களில் அதே செடி மரநிழலில் தழைக்கிறது.

அங்கே குளிர் தொடங்கியதும் இலைகள் பழுத்துச் சாய்ந்துவிடும். என் மாமியார் செத்துவிட்டது என்று ஒரு வேர்க்கட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார். பொறுத்திருந்தால் இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பர் வாக்கில் சுருட்டிய வெற்றிலை போல முளைகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு கிளம்பும். தூரைப் பிரித்து நட அதுவே தருணம்.

வகைகளில் எனக்குப் பிடித்தது நீல இலை 'ஹால்சியன்'. அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகுதான். விரலால் தேய்த்தால் பச்சை தெரியும். வெயில் பட்டால் மெழுகு போய்விடும், எனவே நிழலிலேயே வையுங்கள். 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' காலை வெயிலைத் தாங்கும். முறம் போன்ற தடித்த இலை, நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. டர்பன்காரர்கள் பிடிவாதமாக இருந்தால் 'பிளான்டஜினியா'வை முயலலாம். வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். மாலையில் விரியும் அதன் வெள்ளைப் பூ மணக்கும்.

நத்தைக்கு என் வைத்தியம்: தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குங்கள். நாய் வளர்ப்பவர்கள் கவனம், இலை அதற்கு நஞ்சு.