லேன்9252 போர்டை ஓட வைக்கும் வரிசை

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் தொட்டிக்குத் தொட்டி விசிறி, ஈரப்பத சென்சார், சூடான காற்றுக்கான கதவு என்று இருக்கும். இவற்றை ஈதர்கேட்டில் (ஈதர்நெட் கேபிளில் ஓடும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு வலை; மாஸ்டர் என்னும் கணினி அதை நடத்தும்) கோக்க, மைக்ரோசிப்பின் லேன்9252 வசதியான சிப். இரண்டு ஈதர்நெட் போர்ட்டுக்கான பிஎச்வையும் (கேபிளில் சிக்னலை அனுப்பிப் பெறும் பகுதி) அதற்குள்ளேயே உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் எஸ்பிஐ என்னும் தொடர் இணைப்பு போதும். கீழே வரும் ரெஜிஸ்டர், நினைவக முகவரிகளும் அவற்றில் எழுதிப் படிக்கும் மதிப்புகளும் எல்லாம் ஹெக்ஸ்.

மின்சாரம் 3.3 வோல்ட், கிறிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ். கிறிஸ்டலின் பிழை 25 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். பிஎச்வையின் மின்னோட்ட அளவை நிர்ணயிக்கும் ஆர்பயஸ் பின்னுக்கு 12.1 கிலோஓம், 1% தடையிதான். கையில் கிடந்த 12 கிலோஓமைப் போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

அதிகம் பேர் இடறுவது ஈஈப்ரொம்மில், அதாவது சிப்பின் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் வெளி நினைவகத்தில். 16 கிலோபிட் வரை ஒரு முகவரி முறை, 32 கிலோபிட்டும் அதற்கு மேலும் இன்னொன்று. எது என்பதை ரீசெட் நேரத்தில் ரன் எல்ஈடி பின்னின் நிலையைப் பார்த்தே சிப் முடிவு செய்கிறது. எல்ஈடியை நிலத்துக்கா, 3.3 வோல்ட்டுக்கா இழுத்திருக்கிறோம் என்பதே நினைவகத்தின் அளவைச் சொல்லிவிடும் என்பது விசித்திரம்தான். மாறிப் போனால் சிப்பால் ஈஈப்ரொம்மைச் சரியாகப் படிக்க முடியாது.

வெற்று ஈஈப்ரொம்முடன் எஸ்பிஐயைச் சோதிப்பது வீண் வேலை. எந்த இடைமுகம் என்பதே அதிலிருந்துதான் வருகிறது. லேன்9252-இல் எஸ்பிஐக்கான மதிப்பு 80. ஆகவே முதலில் கேபிளைப் போட்டு, மாஸ்டர் மென்பொருள் வழியாக ஈஈப்ரொம்மை எழுதி, மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். முதல் ஏழு வேர்டுகளுக்கான செக்சம் எட்டாவது வேர்டில் சரியாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு எஸ்பிஐ வழியாக 64-ஆம் முகவரியில் உள்ள சோதனை ரெஜிஸ்டரைப் படியுங்கள். 87654321 வர வேண்டும். குறைந்த பைட் முதலில் வருவதால் ஆசிலோஸ்கோப்பில் 21, 43, 65, 87 என்றுதான் தெரியும். அது பிழை அல்ல. எல்லாம் எஃப்எஃப் என்றால் தரவுக் கம்பியையும் சிப் செலக்டையும் பாருங்கள். எஸ்பிஐ மோட் 0 அல்லது 3. பிறகு 74-இல் 27-ஆம் பிட் (சிப் தயார் என்னும் அடையாளம்) ஒன்றாகும் வரை காத்திருக்க வேண்டும்.

ஈதர்கேட் ரெஜிஸ்டர்களை நேராகத் தொட முடியாது. ஈதர்கேட் நிலையைச் சொல்லும் 0130-இல் இரண்டு பைட் படிக்க, 304-இல் சி0020130 எழுதி, 31-ஆம் பிட் பூச்சியமானதும் 300-இல் விடையை எடுக்கலாம். 1000-இலிருந்து தொடங்கும் புரொசஸ் நினைவகத்துக்கு (உள்ளீடு, வெளியீட்டுத் தரவு இருக்கும் இடம்) இந்த வழி செல்லாது. 308, 30சி வழியாக ஃபிஃபோவில் (வந்த வரிசையிலேயே தரவைத் தரும் இடைநினைவகம்) படிக்க வேண்டும்.

நினைவக ஒதுக்கீட்டில் கவனம். மாஸ்டரிடமிருந்து வரும் வெளியீட்டுத் தரவைக் காக்கும் சின்க் மேனேஜர் 2 மூன்று பஃபர்களில் ஓடுகிறது. 1100-இல் 32 பைட் வைத்தால் 96 பைட் போய்விடும். அடுத்து வரும் உள்ளீட்டுப் பகுதி 1160-க்கு முன்னால் தொடங்கக் கூடாது. 1120-இல் வைத்தால் உள்ளீடு வெளியீட்டின் மேல் ஏறி உட்காரும், மதிப்புகள் அர்த்தமில்லாமல் குதிக்கும். இன்னொன்று: பஃபரின் கடைசி பைட்டைப் படித்தால்தான் அது விடுபடும். முதல் நாலு பைட் மட்டும் போதும் என்று நிறுத்தினால் பழைய மதிப்பே திரும்பத் திரும்ப வரும். உள்ளீட்டை எழுதும்போதும் இதே விதி.

ஆப் (முழு இயக்கம்) நிலையிலிருந்து சேஃப்-ஆப்புக்கு (வெளியீடு பாதுகாப்பாக நிற்கும் நிலை) விழுந்தால், காரணத்தைச் சொல்லும் 0134-ஐப் பாருங்கள். 001பி என்றால் வாட்ச்டாக், அதாவது குறித்த நேரத்துக்குள் மாஸ்டரிடமிருந்து புதிய வெளியீட்டுத் தரவு வரவில்லை. அந்த நேர வரம்பு இயல்பாக 100 மில்லிசெக்கன். அப்படி விழும்போது சூட்டுக் கதவு மூட வேண்டும், விசிறி ஓடட்டும். காற்று நின்றால் தொட்டிக் கொழுந்து சூடேறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா வெளியீட்டையும் பூச்சியமாக்கும் மாதிரி நிரலை அப்படியே விடாதீர்கள்.

மாடியிலிருந்து கீழ்த்தளத்து டிரையர் வரை கேபிள் இறங்கும்போது ஒரு துண்டு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்வெர்ட்டரிலிருந்து மோட்டருக்குப் போகும் கம்பியோடு ஒரே குழாயிலும் போகக் கூடாது. 0300 முதலான பிழை எண்ணிகள் விசிறி ஓடும்போது மட்டும் ஏறினால் முதலில் கேபிள் போகும் பாதையை மாற்றுங்கள். எந்நேரமும் ஏறினால் பிளக். மலைநாட்டு மூடுபனியும் தேயிலைத் தூசியும் சேர்ந்து சாதாரண ஆர்ஜே45 பிளக்கின் பின்களைக் கறுக்க வைத்துவிடும். மூடியுள்ள, திருகிப் பூட்டும் எம்12 பிளக் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் விடும்.