கீலிங் வரைகோட்டைப் படிப்பது எப்படி?

புவி வெப்பமடைவதன் காரணத்தை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் உருகும் பனிப்பாறைப் படங்களையே முதலில் காட்டுகிறார்கள். ஹவாயின் மௌனா லோவா மலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், 1958-ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங் தொடங்கிவைத்த கரியமில வாயு அளவீட்டின் வரைபடத்தை, அதாவது கீலிங் வரைகோட்டை, முதலில் பார்ப்பதே நேர்வழி என்பது என் கருத்து.

முதலில் செங்குத்து அச்சைக் கவனியுங்கள். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் கரியமில வாயு மூலக்கூறுகள் எத்தனை என்பதை அது குறிக்கிறது. வழக்கமான வரைபடங்களில் அந்த அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. அதனால் ஏற்றம் மிகையாகத் தோன்றும். கோட்டின் சாய்வை நம்பாமல் எண்களைப் படியுங்கள்: 1958-இல் சுமார் 315, 2024-இன் சராசரி சுமார் 424. தொழிற்புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 என்பது அண்டார்க்டிகப் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளிலிருந்து தெரிகிறது.

அடுத்து, ரம்பப் பல் போன்ற ஏற்ற இறக்கம். நிலப்பரப்பு மிகுந்த வட அரைக்கோளத்தில் கோடையில் தாவரங்கள் தழைத்து வாயுவை உட்கொள்கின்றன. பிற மாதங்களில் சருகுகள் மக்கி அதைத் திரும்ப வெளியிடுகின்றன. ஆகவே அளவு மே மாதத்தில் உச்சத்தையும் செப்டம்பரையொட்டித் தாழ்வையும் தொடுகிறது. ஜூலையின் இறக்கத்தைக் காட்டி "குறைகிறதே" என்று வாதிடுபவரிடம், இந்த மே மாதத்தைச் சென்ற மே மாதத்தோடு ஒப்பிடச் சொன்னால் போதும். 2020-இன் ஊரடங்கில் உலக உமிழ்வு சுமார் 5 விழுக்காடு குறைந்தும் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. சேர்வது சற்றுக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

மௌனா லோவாவே எரிமலையாயிற்றே என்ற ஐயம் நியாயமானது. (2022 நவம்பரில் அது வெடித்தபோது மின்சாரம் துண்டிக்கப்பட்டு, அளவீடு தற்காலிகமாக அருகிலுள்ள மௌனா கேயா மலைக்கு மாறியது.) எரிமலைப் புகை வந்து சேரும் நேரங்களில் அளவுகள் தாறுமாறாகத் துள்ளுவதால் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். அதைவிட வலுவான சான்று ஆக்சிஜனில் உள்ளது. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிய ஆக்சிஜன் செலவாகும். எரிமலை உமிழும் கரியமில வாயுவுக்கு அது தேவையில்லை. வளிமண்டலத்தில் ஆக்சிஜன் மிகச் சிறிதளவே ஆனாலும் தொடர்ந்து குறைந்து வருகிறது. தொல்லெரிபொருளில் கார்பன்-14 (காலப்போக்கில் சிதைந்துவிடும் கதிரியக்கக் கார்பன்) அறவே இல்லை என்பதால், காற்றில் அதன் விகிதமும் நீர்த்துப்போகிறது.

விளைவுகளுக்கு வரும்போது, இது வெப்பநிலை வரைபடம் அன்று என்பதை மறக்கக் கூடாது; வெப்பநிலைப் பதிவை அருகில் வைத்தே படிக்க வேண்டும். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பதால், கனமழை மேலும் கனக்கும். கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடல் ஏற்று, விரிவடைகிறது. மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் அநேகமாக உயர்வதில்லை. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் உள்ள பனியே அதை உயர்த்துகிறது. ஜகார்த்தா போன்ற நகரங்களில் நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் தரையும் தாழ்வதால், அங்கு நேரும் வெள்ளம் முழுவதையும் இந்தக் கோட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.