செக்ரட்டேரியட்டின் ஓட்டப் பதிவை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் குதிரை செக்ரட்டேரியட் 1972, 1973 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 21 பந்தயங்களில் ஓடி 16-இல் வென்றது. ஆனால் இடக் கணக்கு மட்டும் ஒரு குதிரையின் தரத்தைச் சொல்லாது. கால் மைலுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பிரித்துப் பாருங்கள்.

முதலில் எழுதும் முறை. பழைய அமெரிக்கப் பதிவுகள் நொடியை ஐந்து பங்காக்கும். 1:59 2/5 என்றால் 1 நிமிடம் 59.4 நொடி. சில பட்டியல்கள் இதையே 1:59.2 என அச்சிடும். அதைத் தசமமாக எடுத்தால் கணக்கு முழுக்கத் தப்பும்.

அடுத்தது, பலரும் சறுக்கும் இடம். இடைநேரங்கள், அதாவது பந்தயத்தின் நடுவே குறிக்கப்படும் நேரங்கள், அந்தந்தப் புள்ளியில் முன்னணியில் இருந்த குதிரைக்கு உரியவை. நமக்கு வேண்டிய குதிரை எத்தனை நீளம் (ஒரு நீளம் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம்) பின்தங்கியிருந்தது என்று பார்த்து, நீளத்துக்கு 0.2 நொடி வீதம் கூட்டுங்கள். 1973 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் முதல் கால் மைலை முன்னணிக் குதிரை 23.4 நொடியில் கடந்தது. கடைசியில் கிடந்த செக்ரட்டேரியட்டுக்கு 25.2. பிறகு 24, 23.8, 23.4, 23. ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம்! பத்து ஃபர்லாங் பந்தயத்தில், அதாவது சுமார் 2,010 மீட்டரில், இது மிக அரிது.

அதே ஆண்டு ஜூன் 9-இல் நடந்த பெல்மாண்ட் பந்தயத்தை இதனோடு வைத்துப் பாருங்கள்: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25. மொத்தம் 2:24, 31 நீள வெற்றி. இங்கே இரண்டாவது கால் மைலுக்குப் பிறகு வேகம் குறைந்துகொண்டேதான் வருகிறது. தொடக்கத்தில் உடன் ஓடிய ஷாம் என்ற குதிரை அந்த வேகத்தைத் தாங்காமல் ஐந்தில் கடைசியாக வந்தது. ஆகவே வெற்றி இடைவெளியை மட்டும் வைத்துக் கடைசிக்கட்டப் பாய்ச்சலை ஊகிக்காதீர்கள்.

தோல்விகளுக்குக் காரணம் தேடுங்கள். 1973 உட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாமிடம். அப்போது வாயில் சீழ்க்கட்டி இருந்தது. 1972 சாம்பெய்ன் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் முதலில் வந்தும், இன்னொரு குதிரையை இடித்ததற்காக இரண்டாமிடத்துக்கு இறக்கப்பட்டது.

1973 பிரீக்னெஸ் பந்தயத்தின் நேரத்தை மட்டும் எந்த ஆண்டுப் பட்டியல் என்று கவனித்து எடுங்கள். மின் கடிகாரம் பிசகியதால் முதலில் 1:55 என்றார்கள், பிறகு 1:54 2/5. 2012-இல்தான் 1:53 என்று திருத்தப்பட்டது.