மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்

வண்டி பெட்ரோல் குடிக்கிறது என்று அம்பாசடரையோ பத்மினியையோ ஓட்டிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஏற்கெனவே திருகிவிட்டுத்தான் வருவார்கள். அந்த ஸ்க்ரூவின் வேலை பெரும்பாலும் ஐடிலிங்கோடு, அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையோடு சரி. ரோட்டில் ஓடும்போது பெட்ரோல் போவது மெயின் ஜெட் என்ற சிறு துளை வழியாக. அதனால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். எஞ்சின் சூடாகும்வரை ஓட்டி வந்து, ஐடிலிங்கில் விடாமல் உடனே ஆஃப் செய்து, ஆறியதும் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்லது. சிமினி விளக்குக் கண்ணாடியில் படிந்த மாதிரி காய்ந்த கரி, விரலில் ஒட்டினால் மிக்ஸ்சர் ரிச், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். பிசுபிசுப்பாக இருந்தால் அது ஆயில். ரிங் தேய்மானமோ வால்வு கைடோ. புகையும் அதையே சொல்லும்: கறுப்பு பெட்ரோல், நீலம் ஆயில்.

ஒரே ஒரு பிளக் மட்டும் கறுப்பா? கார்புரேட்டர் மேல் பழி போடாதீர்கள். நான்கு சிலிண்டருக்கும் ஒரே கார்புரேட்டர்தானே! பிளக்கையும் அதன் ஒயரையும் பாருங்கள். நான்கும் கறுப்பாக இருந்தாலும் பிளக்குக்கு நெருப்பு வரவைக்கும் பாயிண்ட், கன்டென்சரை ஒருமுறை பார்ப்பது நல்லது. நெருப்பு பலவீனமாக இருந்தாலும் கரி பிடிக்கும்.

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடேறியதும் திணறுகிற வண்டியில் நான் முதலில் தேடுவது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக். டாஷ்போர்டில் குமிழை உள்ளே தள்ளிவிட்டால் சோக் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பாதீர்கள். பானெட்டைத் திறந்து கார்புரேட்டர் பக்கத்து லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். அம்பாசடரின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் வாய்க்குள் சோக் தகடு கிடையாது, பக்கவாட்டில் தனி வழி. மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்தது ஏர் கிளீனர். தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் வகையில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றிவிடுவது நம்மூர் வழக்கம். காற்று போக இடமிருக்காது. அதைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் தெளிந்தால் விஷயம் அங்கேதான்.

இரண்டும் சரியென்றால், கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலில் மிதந்து, மட்டம் ஏறியதும் நீடில் வால்வை மூடும் ஃப்ளோட். எஞ்சினை ஆஃப் செய்து டார்ச் அடித்து கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள் (பீடி வேண்டாம், தயவுசெய்து). எஞ்சின் நின்ற பிறகும் பெட்ரோல் சொட்டினால் நீடில் வால்வு மூடவில்லை. டேங்க் துரு ஒரு துணுக்கு மாட்டினாலே போதும். நீடில் முனையில் விரலுக்குத் தட்டுப்படும் வளையம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை. சுடுநீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் அது. ஈயம் வைப்பதானால் உள்ளிருக்கும் பெட்ரோல் முழுதும் வெளியேறிய பிறகு, கொஞ்சமாக வையுங்கள். எடை கூடினால் ஃப்ளோட் தாழ்ந்து பெட்ரோல் மட்டம் ஏறும். நீடில் வால்வுக்கு அடியிலுள்ள வாஷரையும் மறக்காதீர்கள். பழைய கனத்துக்குப் பதில் மெல்லியது போட்டாலும் மட்டம் ஏறும். கழுவிப் பூட்டும்போது இது தொலைந்துபோவது சகஜம்.

அப்புறம் ஜெட். கம்பி விட்டுக் குத்தியே பெரிதாக்கப்பட்ட ஜெட்டுகள் ஏராளம். காற்றடித்து மட்டும் சுத்தம் செய்யுங்கள். சந்தேகமென்றால் எண் பார்த்துப் புதிது போடுங்கள். ஏர் ஜெட் அடைத்தாலும் ரிச்தான் ஆகும்.

இப்போது ஸ்க்ரூ. சூடான எஞ்சினில், சோலெக்ஸில் உள்ளே திருகினால் லீன் (பெட்ரோல் குறைவு), வெளியே திருகினால் ரிச். சில கார்புரேட்டர்களில் அது காற்று ஸ்க்ரூவாக இருக்கும், அங்கே தலைகீழ். மெதுவாக முட்டும்வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, எஞ்சின் சீராக ஓடும் இடத்தைத் தேடுங்கள். அழுத்தி மூடினால் முனை சிதையும்.

கடைசியாக எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ மட்டம் ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.